டப்பா பாப்பா வளர்ந்த கதை

லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் வந்து சேர்வது அவளுடைய குரல்தான். "பதறாதீங்க. காத்து நல்லா வரும். கதவுல மட்டும் சாயாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஸ்பீக்கரில் சொல்லிவிட்டு மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்துவாள். பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி லிப்டை அடுத்த தளத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். வியர்த்து விறுவிறுத்து வெளியே வருகிறவர்கள் மெக்கானிக்கைத் தேடினால், கட்டைகுட்டையாக, கிராப்பு வெட்டிய தலையோடு, பாக்கெட்டில் டெஸ்டர் குத்திய ஒரு பெண்பிள்ளை படியிறங்கி வருவாள்.

கூட வேலை செய்கிறவர்கள் அவளை 'டப்பாக்கா' என்பார்கள். லிப்ட் பெட்டியை அவர்கள் டப்பா என்று சொல்வது வழக்கம் என்பதால், புதிதாகச் சேர்கிறவர்கள் அதனால் வந்த பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்துவதில்லை. அந்தப் பெயர் வந்தபோது அவளுக்கு வயது ஆறு.

அப்போது அவள் அப்பா ஒரு சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, அதற்கு மேலே வீடு. எதிர் வீட்டில் ஒரு பையன். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. ஒருவன் சட்டையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு ரயில் விடுகிற சிநேகம். அந்தப் பையனுக்கு ஓடினால் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும். இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையனின் அம்மா வந்து, சலூன் வாசல் படியில் உட்கார்ந்து அழுததை அவள் பார்த்தாள்.

மறுநாள் பிஸ்கட் டப்பா ஒன்றைக் காலி செய்து, மூடியில் அப்பாவை ஒரு கீறல் போடச் சொன்னாள். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களிடம் நீட்டினாள். "என் ப்ரெண்டு இதயத்துல ஒரு ஓட்டை இருக்கு. நீங்க போடற காசுலதான் அதை அடைக்கணும்" என்றாள். சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓட முடியும்? எல்லோரும் போட்டார்கள்.

அவள் அதை அப்படியே நம்பினாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. காசை எடுத்து ஓட்டையில் வைத்து அடைப்பார்கள் என்றே நினைத்திருக்கிறாள். அதனால் நோட்டு கொடுத்தவர்களிடம் சில்லறை கேட்டாள். நோட்டு ரத்தத்தில் ஊறிப்போய்விடுமே என்ற கவலை. ஆபரேஷன் முடிந்து பையன் வீடு திரும்பியபோது அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே வரலியே" என்று ஏமாந்துபோனாள்.

அதற்கு முன்பே விஷயம் சலூனைத் தாண்டிவிட்டிருந்தது. அப்பாவின் வாடிக்கையாளர்களில் ஒருவர் பத்திரிகைப் புகைப்படக்காரர். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, வெள்ளைக் கவுனில், நனைந்த முடியோடு, டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவளைப் படமெடுத்தார். மறுநாள் முதல் பக்கத்தில் அது வந்தது. 'டப்பா பாப்பா' என்று தலைப்பு. ஒரே வாரத்தில் ஊரே அவளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தனி வார்டு கட்ட ஒரு நிதிக்குழு அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் நகராமல் கிடந்த வேலை. அதன் செயலாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷன். ஒரு பைசா தொட்டவர் இல்லை. அவர் சலூனுக்கு வந்து அப்பாவிடம், "உங்க பொண்ணு வந்து நின்னா போதும், வார்டு எழும்பிடும்" என்றார். அப்பாவுக்கு நெஞ்சு விம்மியது. அம்மா அந்த வெள்ளைக் கவுனைத் துவைத்து இஸ்திரி போட்டாள்.

பள்ளிக்கூடம், கடைத்தெரு, கல்யாண மண்டபம், தொழிற்சாலைக் கேன்டீன் என்று மேடை மேடையாக ஏறினாள். பக்கத்தில் பையனின் பெரிய படம் ஒன்றை நிறுத்தி வைப்பார்கள். ஆறேழு மேடைக்குள் அவளுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. 'ஓட்டை' என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினால் கூட்டம் கப்சிப் என்று ஆகும். அந்த நேரத்தில் முன்வரிசையில் இருப்பவர்களைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகும்.

ஒரு மேடையில் அவளுக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பேச வேண்டியது மறந்து, கண்ணில் தண்ணீர் வழிய நின்றாள். நண்பனுக்காக அழுகிறாள் என்று நினைத்து ஜனம் உருகிவிட்டது. அன்று டப்பா போதாமல் துண்டில் ஏந்தினார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது செயலாளர் காரில் அப்பா பக்கம் சாய்ந்து, தயங்கித் தயங்கி, "அன்னைக்கு மாதிரி லேசா கண்ணு கலங்கினா நல்லா இருக்கும். கட்டாயம் இல்ல" என்றார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பின் சீட்டில் இருந்த அவள், "தண்ணி நிறைய குடிச்சா வரும்" என்று யோசனை சொன்னாள். பெரியவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று நிறையத் தண்ணீர் குடித்தாள்.

வார்டு எழும்பியது. பையனுக்கும் உடம்பு தேறி, மற்ற பிள்ளைகளைப் போல் ஓட ஆரம்பித்தான். ஆனால் ஏனோ அவளோடு ரயில் விடவில்லை.

வார்டுக்குக் கருவி, மருந்து என்று கூட்டங்கள் நிற்கவில்லை. அவளும் வளர்ந்தாள். வேண்டாம் என்று யார் சொன்னாலும் பிள்ளைகள் வளரத்தானே செய்கிறார்கள். அம்மா அதே கவுனைப் பெரிய அளவில் மறுபடி தைத்தாள், மறுபடியும் தைத்தாள். கையும் காலும் நீண்டு, குரல் தடித்து, கன்னக் குழி காணாமல் போனது. ஒரு கூட்டத்தில் செயலாளர் மழலை மாறாத ஒரு சின்னப் பையனைத் தூக்கிவந்து மேடையில் நிறுத்தினார். அவளுக்கு இரண்டாம் வரிசையில் நாற்காலி போட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கார் வரவில்லை. கவுனைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தானாகவே டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூன்றாவது வீட்டு அத்தை, "இன்னுமா வசூல் பண்ற? அதான் அவன் நல்லாயிட்டானே!" என்று கேட்டு, காசுக்குப் பதில் ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. சொல்லி அழ ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆனாலும் வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாராவது அவளைப் பார்த்து நல்லவள் என்று சொன்னால், தான் இப்போது எதையோ செய்து காட்ட வேண்டும் போலத் தோன்றும். தொழிற்பயிற்சிப் பள்ளியில் எலெக்ட்ரிகல் படித்து, லிப்ட் கம்பெனியில் சேர்ந்து, முதல்முறையாக லிப்டின் கூரைமேல் ஏறி நின்று இருட்டுக் குழாய்க்குள் மேலே போனபோது, "அப்பாடா!" என்று இருந்ததாம் அவளுக்கு. இரும்புக் கயிற்றுக்கும் அவளுக்கும் நடுவில் பார்க்க ஒருவரும் கிடையாது.

கல்யாணம் ஆனது. கணவர் பெயின்டர். அவர் வாய் திறந்தால் அது கொட்டாவி விடத்தான். மகள் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள். வாயாடி என்றுதான் வீட்டில் பெயர். கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே பரிசு கொடுத்து, தானே நன்றியுரை சொல்லிக்கொள்ளும் ரகம்.

அந்த ஆஸ்பத்திரி லிப்டும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. வார்டு வாசலில், லிப்டுக்குப் பக்கத்துச் சுவரில், மழையில் நனைந்த பாப்பாவின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதன் கீழே உட்கார்ந்து கதவுச் சென்சாரைத் துடைக்கும் அவளை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் வாயாடியை உடன் அழைத்துப் போனாள். அன்றைக்கென்று செயலாளர் அந்தப் பக்கம் வந்தார். முடியெல்லாம் வெளுத்து, கையில் தடியோடு இருந்தார். படத்தைப் பார்த்தார், சிறுமியைப் பார்த்தார், ஸ்டூலில் ஏறி நின்றவளைப் பார்த்தார்.

"ஏம்மா... நீ டப்பா பாப்பா தானே?"

அவள் ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆமாங்கய்யா" என்றாள்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சிறுநீரகம் கெட்டுப்போன பிள்ளைகளுக்கு ரத்தம் சுத்தம் பண்ணும் மிஷின் வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு உரிய பழைய மிஷின் ஒன்றை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்கள். வார்டில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். "அந்தப் பொண்ணு ஒரு பக்கம், உன் பொண்ணு ஒரு பக்கம். ரெண்டாம் தலைமுறை டப்பா பாப்பா! வீடியோ ஒண்ணு போட்டா போதும்மா, உலகமே பாக்கும்."

"நான் பேசுவேன்! எனக்கு மைக்ல பேசத் தெரியும்!" என்று வாயாடி குதித்தாள்.

"யோசிச்சுச் சொல்றேங்கய்யா" என்றாள் அவள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது வாயாடி பேசியதெல்லாம் வீடியோ பற்றித்தான். கணவர், "அவளுக்கு ஆசையா இருக்கு. நல்ல காரியம்தானே? இதுல என்ன?" என்று அபூர்வமாக நாலு வார்த்தை பேசினார்.

அதே கேள்வியோடு அவள் மறுநாள் சலூனுக்குப் போனாள். அப்பா வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கத்தரிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தக் காலத்துல நான் வரமாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நீ அப்படிச் சொல்லலையே, அம்மாடி."

"சொல்லியிருந்தா?"

அப்பா கத்தரியைத் திறந்து மூடிப் பார்த்தார். "தெரியலம்மா. கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் உன்னைப் பத்தித்தான் கேப்பான். டாக்டர், வக்கீல் எல்லாம் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நீ டயர்டா இருக்கேன்னு உங்கம்மா ஒருதரம் சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கல." கத்தரியைத் துணியில் துடைத்தார். "ஆனா வார்டு கட்டினாங்கல்ல? அதையும் சொல்லணும்ல?"

"சொல்லணும்பா" என்றாள். அதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. அந்த வார்டிலிருந்து பிள்ளைகள் பலூனோடு வீட்டுக்குப் போவதை அவள் தினம் பார்ப்பவள்.

கடைசியாக, எத்தனையோ வருஷமாகப் பேசாத அந்தப் பையனைத் தேடிப் போனாள். பையன் என்ன பையன், இப்போது தலை பாதி வழுக்கை. ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பொறுப்பாளன். மத்தியான இடைவேளையில், காலித் தட்டுகள் அடுக்கியிருந்த பின்முற்றத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவன் சூடான ரொட்டியைப் பிய்த்து அவளுக்குப் பாதி கொடுத்தான்.

"நீ கவுன் போட்டுகிட்டு மேடையில கையாட்டின. நான் எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

"படத்துலயா?"

"சட்டை இல்லாம, மூக்குல ட்யூபோட. அந்தப் போஸ்டரை பஸ் ஸ்டாப்ல ஒட்டி வச்சிருந்தாங்க. அதுக்குக் கீழ நின்னுதான் நான் ஸ்கூலுக்கு பஸ் ஏறணும். பசங்க என்னை என்னன்னு கூப்பிட்டாங்க தெரியும்ல? 'ஓட்டை'. ஓட்டை வந்துட்டான், ஓட்டை கோல் போட்டுட்டான்."

அவள் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒருநாள் நீ என் பென்சிலை எடுத்துகிட்டே. நான் குடுடின்னு பிடுங்கினேன். டீச்சர் சொன்னாங்க, 'அவ உனக்கு உயிரையே வாங்கிக் குடுத்திருக்கா, நீ ஒரு பென்சிலுக்குச் சண்டை போடற.' அதுக்கப்புறம் உன்கூட எப்படிச் சண்டை போடறது? சண்டை போட முடியாத ஆளோட எப்படி விளையாடறது, நீயே சொல்லு."

"என் மேல கோவமா?"

"ஆறு வயசுப் பிள்ளை மேல என்ன கோவம்? இந்தா, மூச்சு விட்டுகிட்டுத்தானே உக்காந்திருக்கேன். அதையும் மறக்கல. ஆனா என் படத்தைப் போடலாமான்னு என்னைத் தவிர எல்லாரையும் கேட்டாங்க." எழுந்து ஏப்ரனைத் தட்டினான். "அந்தப் பென்சில் இன்னும் வரல, சொல்லிட்டேன்."

அப்போதுதான் ரொட்டியைக் கடித்த அவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. அவன் முதுகில் தட்டினான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வேலை முடிந்ததும் வார்டுக்குள் போனாள். மிஷினோடு குழாயில் கட்டிப்போட்டது போல் அந்த ஒன்பது வயதுப் பெண் படுத்திருந்தாள். கையில் படக்கதைப் புத்தகம். பக்கத்தில் அம்மாக்காரி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்ததும் பெண் லிப்டைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டாள். கயிறு அறுந்தா விழுமா? பேய் இருக்குமா? பதில் சொல்லி முடித்துவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உன்னை வச்சு ஒரு வீடியோ எடுக்கப் போறாங்களாமே, தெரியுமா?"

பெண் புத்தகத்தை மூடினாள். "எல்லாரும் பாக்கற மாதிரியா? ஸ்கூல்லயும் பாப்பாங்களா?"

"பாப்பாங்க."

"ஐயோ, வேணாம் ஆன்ட்டி. இங்க வர்ற நாளெல்லாம் நீச்சல் கிளாஸ் போறேன்னு பசங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்." அம்மா விழித்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "போன வாரம் முதுகுல படுத்து நீந்தக் கத்துகிட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

அதற்குமேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நேராக மருந்துக்கடைக்குப் போனாள்.

"என் பொண்ணு வரமாட்டாங்கய்யா."

செயலாளர் முகம் விழுந்துவிட்டது. "உன்னையெல்லாம் நாங்க எவ்வளவு நல்லா வச்சிருந்தோம்..."

"நல்லாத்தான் வச்சிருந்தீங்க. உங்களைக் குறை சொல்ல வரல. அந்த வார்டுப் பொண்ணைக் கேட்டீங்களா?"

"அவங்க அம்மா சம்மதிச்சுட்டாங்களேம்மா."

"அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா? அவளுக்கு இஷ்டமில்ல. அவங்கம்மா வேற வழி தெரியாம சரின்னு சொல்லியிருப்பாங்க. முடியாதுன்னா மிஷின் வராதோன்னு பயம் இருக்கும்ல?"

கடையில் வேலை செய்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைங்க இல்லாம யாரும்மா காசு தருவாங்க? நான் போய்ப் பேசினா கொட்டாவி விடறான். பாத்திருக்கேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். அது அவளுக்குப் பாவமாக இருந்தது. யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது.

"டப்பா பாப்பாதானே வேணும்? நானே வர்றேன்."

அவர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். கிரீஸ் படிந்த சட்டை, தடித்த கழுத்து, இரும்புமுனை பூட்ஸ். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு பீறிட்டது.

வீட்டில் சிரிப்பு எடுபடவில்லை. வாயாடி தரையில் உட்கார்ந்து காலை உதைத்தாள். "நீ மட்டும் போன! உன் படம் மட்டும் ஆஸ்பத்திரில இருக்கு! நான் போனா மட்டும் வேணாமா?"

"உதவி பண்ண வேணாம்னு சொல்லல கண்ணு. உன் கிளாஸ் பசங்களோட வா. நாற்காலி போடு, வர்றவங்களுக்குத் தண்ணி குடு. வீடியோ மட்டும் வேணாம்."

"யாருமே பாக்கலைன்னா எதுக்குத் தண்ணி குடுக்கணும்?"

"தாகம் எடுக்குதுன்னு குடுக்கணும்" என்றாள் அவள். மகளுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். தன் அப்பாவிடம் மட்டும் பேசினாள். பாவம், அந்த மனுஷனுக்கு அதுவே பெரிய வேலையாகிவிட்டது.

கூட்டம் ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. அவள் சீருடையோடு மேடையேறினாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டாள். எங்கே நிறுத்திப் பேச வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனால் அதையெல்லாம் செய்யவில்லை. மிஷின் என்ன செய்யும், இப்போது இருப்பதில் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சிரமம், புதியது வந்தால் என்ன மாறும் என்று ஒரு லிப்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். எந்தப் பிள்ளையின் பெயரும் வரவில்லை, படமும் வரவில்லை. "சின்ன வயசுல இதே மாதிரி மேடையில நின்னேன். அப்ப காசை வச்சுத்தான் இதயத்து ஓட்டையை அடைப்பாங்கன்னு நெனச்சேன். இப்ப விவரம் தெரியும். நோட்டாவே குடுங்க" என்று முடித்தாள். அரங்கம் சிரித்தது. பின்வரிசையில் ரொட்டிக்கார நண்பன் சத்தமாகக் கைதட்டினான்.

வந்த காசு போதவில்லை. "குழந்தைங்க நின்னிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்" என்றார் செயலாளர். அது உண்மைதான் என்று அவளுக்கும் தெரியும். அந்த உண்மை சில நாள் உறுத்தியது. அந்தப் பெண் பழைய மிஷினில் கட்டுண்டு கிடந்த ஒவ்வொரு நாளும் உறுத்தியது. அதனால் விடவில்லை. லிப்ட் பார்க்கப் போகும் கட்டிடங்களிலெல்லாம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பேசினாள். ரொட்டித் தொழிற்சாலைக்காரர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைத் தந்தார்கள். அப்பாவின் சலூனில் மறுபடியும் சோப்பு நுரையோடு பலர் மாட்டிக்கொண்டார்கள். ஒரு மழைக்காலம் போய் அடுத்தது தொடங்கும்போதுதான் காசு சேர்ந்தது.

மிஷின் வந்த அன்று இன்னொரு கூத்து. சுற்றிலும் மரச்சட்டம் அடித்த மிஷின் பெட்டி லிப்ட் வாசலில் நுழையவில்லை. விரல் அளவு அகலம் இடித்தது. தூக்கி வந்தவர்கள் படியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவளுக்குப் போன் வந்தது. உதவியாளரோடு வந்து, லிப்டை நிறுத்தி, கீழும் மேலும் கதவுப் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். பெட்டி உரசாமல் உள்ளே போனது. உதவியாளரைக் கீழ் வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு, பெட்டியோடு ஒட்டி நின்றுகொண்டு, மிக மெதுவாக மேலே கொண்டுபோனாள்.

வார்டில், தன் முறைக்காகக் காத்திருந்த அந்தப் பெண் எம்பிப் பார்த்தாள். இப்போது பத்து வயது, கோரைப்பல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

"என்ன ஆன்ட்டி, லிப்ட் ரிப்பேரா?"

"இல்ல. கதவைக் கழட்டி வச்சிருக்கேன். திரும்ப மாட்டணும்."

"நான் வந்து பாக்கட்டுமா?"

"முதல்ல நர்ஸைக் கேளு" என்றாள் அவள்.

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெண் செருப்பைத் தேடிக் கட்டிலிலிருந்து இறங்கினாள். டப்பாக்கா லிப்ட் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைத்து, கையில் ஸ்குரூ டப்பாவைக் கொடுத்து, கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னாள்.